பள்ளி டப்பாவுக்கு வீட்டில் செய்யும் ஓட்ஸ் பார், ஃபிளாப்ஜாக்: உதிராமல் வர என்ன வழி?

செங்காங் வாணி

எல்லோருக்கும் வணக்கம். மகள் தொடக்கநிலை ஒன்றில் இருக்கிறாள். இடைவேளையில் பள்ளி உணவகத்திலேயே வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறாள், அதில் சிக்கல் இல்லை. அதற்கப்புறம் வகுப்பிலேயே ஒரு சின்னத் தீனி நேரம் உண்டு. அதுதான் தலைவலி. கரண்டி தேவைப்படக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது, புத்தகத்தில் கொட்டக் கூடாது, சட்டென்று சாப்பிட்டு முடிக்கவும் வேண்டும். வெறும் பிஸ்கட் கொடுத்தால் வீட்டுக்கு வரும்போது பசியில் அழுகிறாள். பேரங்காடியில் விற்கும் சீரியல் பார் கேட்கிறாள். வாரம் முழுக்க அதையே வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

அலுவலகத்தில் இங்கிலாந்துக்காரத் தோழி ஒருவர் ஃபிளாப்ஜாக் என்ற ஓட்ஸ் வில்லை செய்துகொண்டு வருவார். ஓட்ஸ் 250 கிராம், வெண்ணெய் 125, பழுப்புச் சர்க்கரை 125, கோல்டன் சிரப் (தேன் மாதிரிக் கெட்டியான சர்க்கரைப் பாகு) மூன்று மேசைக்கரண்டி. இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டில் அழுத்தி, 180 டிகிரியில் இருபது இருபத்தைந்து நிமிடம். அவர் செய்தால் வில்லை வில்லையாக நிற்கிறது. நான் அதே அளவில் செய்தால் ஒரு நாள் டப்பாவுக்குள் தூளாகக் கிடக்கிறது, இன்னொரு நாள் உடைக்கச் சுத்தியல் வேண்டியிருக்கிறது. நம் சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு இது ஒத்துவருமா? யாராவது வாராவாரம் செய்பவர்கள் இருக்கிறீர்களா?

இன்னொன்று: வகுப்பில் கடலை அலர்ஜி உள்ள பிள்ளை இருக்கிறது. ஆகவே நிலக்கடலை, முந்திரி, பாதாம் எதுவும் கூடாது.

தேக்கா மாமா

ஓட்ஸைப் பாகில் கிளறி வில்லை போடுவதற்கு இங்கிலாந்து வரைக்கும் போக வேண்டுமா? நம் கடலை மிட்டாய் இல்லையா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். இங்கே தேக்காவில் எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கிறது.

செங்காங் வாணி

மாமா, கடலை கூடாது என்று இப்போதுதானே எழுதினேன் 😀 அதோடு அவளுக்கு முன்பல் இரண்டும் ஆடுகிறது. கடலை மிட்டாயைக் கடிக்கக் கொடுத்தால் பல் அங்கேயே விழுந்துவிடும். மெத்தென்று இருக்க வேண்டும், அதே சமயம் உதிரவும் கூடாது.

ஜூரோங் அண்ணாச்சி

தங்கச்சி, உங்கள் அளவில் குறை ஒன்றும் இல்லை. வழக்கமான இங்கிலாந்து அளவுதான் அது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஓட்ஸ். நம் பேரங்காடியில் இன்ஸ்டன்ட், குவிக் குக், ரோல்டு என்று மூன்று வகை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பாக்கெட்டும் பார்க்க ஒரே மாதிரிதான். இன்ஸ்டன்ட் மிகவும் மெல்லியது, பாதி தூளாகவே இருக்கும். வெண்ணெயை உறிஞ்சிக்கொண்டு மாவு மாதிரி ஆகும். ரோல்டு ஓட்ஸில் மெல்லுவதற்கு ஏதாவது இருக்கும், ஆனால் அதை மட்டும் போட்டால் இதழுக்கும் இதழுக்கும் நடுவே இடைவெளி விழுந்து உதிரும். ரோல்டு ஓட்ஸ் வாங்கி அதில் கால் பங்கை மட்டும் மிக்சியில் இரண்டு சுற்று சுற்றுங்கள். முழுசாக மாவாக்க வேண்டாம். அந்தக் குறுணை போய் இடைவெளியில் உட்காரும். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டையாக்காமல் வெட்டிய குறுணை) பக்கமே போகாதீர்கள், எவ்வளவு நேரம் வைத்தாலும் இதில் வேகாது.

அடுத்தது பாகு. கல்லாவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான். வெண்ணெய், சர்க்கரை, சிரப் மூன்றையும் சின்னத் தீயில் வைத்து, சர்க்கரை கரைந்து பளபளப்பாக ஒன்றாகக் கலந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் தண்ணீர் வற்றிவிடும். வற்றிய பாகு மறுபடியும் அடுப்பில் இருபத்தைந்து நிமிடம் இருந்தால் மிட்டாயாகாமல் என்ன செய்யும்? நம் ஆட்களுக்குப் பாகு என்றாலே கொதிக்கவைக்கக் கை வரும். இந்தப் பண்டத்துக்குப் பதம் வருவது ஓவனுக்குள்தான்.

கோல்டன் சிரப்பை விட்டுவிட்டு முழுக்கச் சர்க்கரை போடலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்த சிரப்பில் ஒரு பகுதிச் சர்க்கரை ஏற்கெனவே குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிந்திருக்கும். அதனால் ஆறினாலும் மணல் மணலாகப் பூக்காது, இழுவையாகவே இருக்கும். வெறும் சர்க்கரை ஆறியதும் படிகமாகிவிடும், பிடி விட்டுப்போகும்.

அப்புறம் அழுத்துவது. பேக்கிங் தாள் விரித்த தட்டில் கலவையைக் கொட்டி, மேலே இன்னொரு தாள் போட்டு, அடி தட்டையான டம்ளரால் மூலை மூலையாக உடம்பு பலத்தோடு அழுத்துங்கள். கரண்டியின் பின்பக்கத்தால் தடவிவிட்டால் போதாது.

எடுக்கும்போது ஓரம் பொன்னிறமாகவும் நடு இன்னும் மெத்தென்றும் இருக்க வேண்டும். விரலால் தொட்டால் வேகாத மாதிரிதான் தெரியும். பயப்பட வேண்டாம், ஆறும்போது இறுகும். நடுவும் கெட்டியாகட்டும் என்று விட்டால் ஆறியபின் சுத்தியல்தான்.

கடைசியாக, சூட்டோடு கத்தியால் கோடு மட்டும் போட்டு வையுங்கள். நன்றாக ஆறியபின் அதே கோட்டில் வெட்டுங்கள். நம் வீட்டுச் சமையலறையில் ஆற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இங்கிலாந்தில் சன்னலோரம் வைத்தால் அரை மணியில் ஆறிவிடும், அதனால் அவர்கள் குறிப்பில் 'ஆறவிடவும்' என்று ஒற்றை வார்த்தையோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் இரவு செய்து, காலையில் வெட்டுங்கள்.

பொங்கோல் கார்த்தி

வீட்டில் ஓவன் இல்லை, ஏர் ஃபிரையர்தான். ஆகுமா அண்ணா? ஓவன் வேண்டாத குறிப்பு ஒன்று பார்த்தேன், தேங்காய் எண்ணெயும் கடலை வெண்ணெயும் கலந்து ஃபிரிட்ஜில் வைப்பது. செய்து பையனுக்குக் கொடுத்தனுப்பினேன். டப்பாவில் கூழ் திரும்பி வந்தது.

ஜூரோங் அண்ணாச்சி

கார்த்தி, தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உருகிவிடும். சிங்கப்பூரில் பகலில் எந்த இடத்தில் அதற்குக் கீழே இருக்கிறது, குளிரூட்டிய அறையைத் தவிர? அந்தக் குறிப்பெல்லாம் குளிர் நாட்டில் எழுதியது. தேங்காய் எண்ணெயோ சாக்லேட்டோ மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிற எந்த பாரும் நம் பள்ளிப் பையில் நிற்காது. வெண்ணெயும் 32, 35 டிகிரியில் உருகக்கூடியதுதான், ஆனால் ஃபிளாப்ஜாக்கில் பிடிமானம் சர்க்கரைப் பாகு, வெண்ணெய் இல்லை. அதனால் தப்பிக்கிறது.

ஏர் ஃபிரையரில் தாராளமாகச் செய்யலாம். சின்னத் தட்டு, பாதி அளவு, 150 டிகிரி. விசிறிக்காற்று மேல்பக்கத்தைச் சீக்கிரம் கருக்கும், ஆகவே முதல் பத்து நிமிடம் அலுமினியத் தாளால் மூடுங்கள். தாளை ஓரத்தில் நன்றாகச் சொருகிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் பறந்து மேலே இருக்கிற கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பிடோக் பாட்டி

வாணி கண்ணு, ஓவனும் வேண்டாம் சிரப்பும் வேண்டாம், வெல்லத்தில் நான் பேரப்பிள்ளைகளுக்குச் செய்வதைச் சொல்கிறேன்.

ஓட்ஸ் ஒன்றரை கப், கெட்டி அவல் ஒரு கப். இரண்டையும் தனித்தனியாக வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். அவலை இரண்டு விரலால் நசுக்கினால் 'நறுக்'கென்று உடைய வேண்டும், அதுவரைக்கும் சின்னத் தீ. எள் இரண்டு கரண்டி, பூசணி விதை ஒரு கைப்பிடி. வெல்லம் 200 கிராம் பொடித்து, முழுகுகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டு. கட்டாயம் வடிகட்டு, எவ்வளவு நல்ல வெல்லமானாலும் அடியில் மண் இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்து நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சு.

பதம் பார்ப்பதுதான் எல்லாம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொள். பாகு ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டு. கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. மெத்தென்று உருட்ட வந்து, தண்ணீரை விட்டு எடுத்ததும் விரலில் லேசாக அமுங்கினால் அதுதான் உனக்கு வேண்டிய பதம். அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வந்தால் தாண்டிவிட்டது, அது கடலை மிட்டாய்ப் பதம், உன் மகள் பல்லுக்கு ஆகாது. பதம் வந்ததும் நெய் இரண்டு கரண்டி விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, வறுத்ததெல்லாம் கொட்டிக் கிளறு. நெய் தடவிய தட்டில் சூட்டோடு அழுத்து. ஆறவிட்டால் அழுத்த வராது, அதனால் தட்டு, தாள், டம்ளர் எல்லாம் முதலிலேயே தயாராக இருக்கட்டும். அவசரம் அவசரமாகக் கையை வைத்துவிடாதே, பாகுச் சூடு எண்ணெய்ச் சூடு மாதிரி, தோலோடு வரும்.

ஏலக்காய், சுக்கு உன் விருப்பம். சுக்கு என் பேரனுக்குப் பிடிக்கும், பேத்தி துப்பிவிடுவாள்.

ஜூரோங் அண்ணாச்சி

பாட்டி சொன்ன பதத்துக்கு, தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்காக: 115 டிகிரியை ஒட்டி இறக்குங்கள். கடலை மிட்டாய்க்கு 145-க்கு மேலே போக வேண்டும். நடுவில் முப்பது டிகிரி வித்தியாசம் இருக்கிறதே என்று மெத்தனமாக இருக்க வேண்டாம், சின்னச் சட்டியில் பாகு வற்ற ஆரம்பித்தால் அது ஒன்றிரண்டு நிமிட வேலை. எலுமிச்சைச் சாறு எதற்கு என்றால், நான் மேலே சொன்ன அதே சர்க்கரை பிரிகிற வேலையை அந்தப் புளிப்புதான் செய்கிறது. பாட்டி வீட்டுக் கோல்டன் சிரப்.

ஈசூன் நஸீரா

பாட்டி, இதே முறையில் வெல்லத்துக்குப் பதில் குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) போட்டு நான் செய்வேன். வாசம் தூக்கும். ஆனால் கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது, சிலவற்றில் வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்கும். அதனால் நேரத்தை நம்பாமல் தண்ணீர்ச் சொட்டை நம்ப வேண்டியதுதான்.

வாணி, நம் ஊரில் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் எல்லா வீட்டிலும் செய்கிற ஹனி கார்ன்ஃபிளேக்ஸ் இருக்கிறதே, அதை யோசித்தீர்களா? வெண்ணெய் 80 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து உருக்கி, 200 கிராம் கார்ன்ஃபிளேக்ஸில் கலந்து, சின்னக் காகிதக் கிண்ணங்களில் போட்டு 150 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பிள்ளைக்குக் கையில் ஒட்டாது, காகிதத்தைப் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம். கார்ன்ஃபிளேக்ஸ் நமத்துப்போயிருந்தால் தனியாக ஐந்து நிமிடம் ஓவனில் காயவைத்து ஆறவிட்டுக் கலக்குங்கள். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், இது வயிற்றுக்கு நிற்காது. மொறுமொறு ஆசைக்குத்தான். ஓட்ஸ் பார் மூன்று நாள், இது இரண்டு நாள் என்று மாற்றிக் கொடுக்கலாம்.

மார்ஷ்மெல்லோ உருக்கி அரிசிப் பொரியில் கலந்து வில்லை போடுகிற குறிப்பு உங்கள் கண்ணில் நிறையப் படும். பிள்ளைகள் பகிர்ந்து சாப்பிடுவார்கள் என்பதால் சொல்கிறேன்: மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தது. முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை பார்த்து வாங்கினால் எங்கள் வீட்டுக்குச் சரி, ஆனால் சைவம் சாப்பிடும் பிள்ளைக்கு அதுவும் ஆகாது.

தெம்பனிஸ் சுதா

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசப்போகிறேன். 'வீட்டில் செய்தது' என்ற பெயரில் எல்லோரும் சர்க்கரைக் கணக்கை மறந்துவிடுகிறோம். வாணியின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 125 கிராம், சிரப் மூன்று கரண்டியில் இன்னொரு 45, 50 கிராம். பதினாறு துண்டு போட்டால் துண்டுக்கு 11 கிராம், ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாளுக்கு 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு ஐந்து சதவீதம் என்றால் 19 கிராம்கூட இல்லை. அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே துண்டில் போய்விடுகிறது. தேனும் வெல்லமும் குலா மெலாக்காவும் அந்தக் கணக்கில் சர்க்கரையேதான், 'இயற்கை' என்று தனி வரிசை கிடையாது.

கடை பாரும் யோக்கியம் இல்லை. சர்க்கரை அளவைப் பார்த்துப் போடும் நியூட்ரி-கிரேடு எழுத்து 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்குத்தான் வந்தது, பாருக்கு ஏ, பி, சி, டி போட மாட்டார்கள். முன்பக்கம் பழமும் கதிரும் படம் இருக்கும், பின்பக்க அட்டவணையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிடோக் பாட்டி

சுதாம்மா, நீ சொல்வது சரிதான். ஆனால் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகிவிடாது. மைலோவும் பாக்கெட் ஜூஸும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதை முதலில் நிறுத்தச் சொல்.

தெம்பனிஸ் சுதா

அதுவும் சரி பாட்டி. பாரோடு வெறும் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் நான் வாயை மூடிக்கொள்வேன். பல்லுக்கும் அதுதான் நல்லது. இந்த மாதிரி இழுவைப் பண்டம் கடைவாய்ப் பல் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், சாப்பிட்டதும் இரண்டு வாய் தண்ணீர் குடித்தால் கொஞ்சமாவது கழுவிக்கொண்டு போகும்.

செங்காங் வாணி

சுதா, கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். சர்க்கரையைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? இப்போதே உதிர்கிறது.

தெம்பனிஸ் சுதா

உதிரத்தான் செய்யும், சர்க்கரைதானே பசை. அதனால் குறைக்கிற இடத்தில் வேறு பசை போட வேண்டும். என் அளவு: ஓட்ஸ் 250, வெண்ணெய் 100, சர்க்கரை 50, கோல்டன் சிரப் மூன்று மேசைக்கரண்டி அப்படியே, விதை எடுத்த பேரீச்சம்பழம் 100 கிராம். பேரீச்சையைச் சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, கரண்டியாலேயே மசித்து, உருகிய வெண்ணெயில் கலக்கி ஓட்ஸில் சேர்க்க வேண்டும். 160 டிகிரி போதும், பழம் சீக்கிரம் கருகும். சின்னத் துண்டாக இருபது போடுங்கள். சேர்த்த சர்க்கரை துண்டுக்கு ஐந்து கிராம் அளவுக்கு இறங்கிவிடும். பேரீச்சையிலும் சர்க்கரை இருக்கிறது, பல்லில் அதுவும் ஒட்டும், ஆனால் நாரும் சேர்ந்து வருகிறது, பசியும் தாங்கும்.

வாழைப்பழம் மசித்துப் போடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. சுவை நன்றாக இருக்கும். ஆனால் அது பார் இல்லை, கேக். ஈரம் அதிகம், நம் ஊரில் வெளியே வைத்தால் இரண்டாம் நாளே வாடை மாறிவிடும்.

உட்லண்ட்ஸ் அனு

வாணி, என் மகனுக்கே நிலக்கடலை அலர்ஜி. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. முதலில் நன்றி, இப்படிக் கேட்டுச் செய்பவர்கள் குறைவு. ஓட்ஸ், விதை, உலர்பழம் பாக்கெட்டுகளில் பொருள் பட்டியலோடு நிறுத்தாமல் கீழே 'கடலை கையாளும் ஆலையில் தயாரானது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மளிகைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கும் விதைகளை நான் வாங்குவதே இல்லை, ஒரே அகப்பை எல்லாச் சாக்குக்கும் போகும். மிக்சி ஜாரில் காலையில் கடலைச் சட்னி அரைத்திருந்தால் அந்த ஜாரில் ஓட்ஸைச் சுற்றாதீர்கள்.

கடலைக்கு ஈடாக நான் போடுவது பூசணி விதை, சூரியகாந்தி விதை, வறுத்த தேங்காய்த் துருவல். பொட்டுக்கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது, அதுவும் பயறு இனம். வேறு பிள்ளைக்கு அலர்ஜி என்றால் அந்தப் பெற்றோரைக் கேட்டுக்கொள்வது நல்லது. எள்ளும் அப்படித்தான். பாட்டி குறிப்பில் எள் இருக்கிறது, கேட்காமல் போட வேண்டாம்.

ஒரு வேடிக்கை: சூரியகாந்தி விதையை அரைத்து, சோடா மாவு சேர்த்த கலவையில் போட்டால் ஆறியபின் உள்ளே பச்சையாகிவிடும். பூசணம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விதையில் இருக்கும் ஒரு பொருள் சோடாவோடு சேர்ந்து அப்படி நிறம் மாறுகிறது, கெடுதல் இல்லை. ஃபிளாப்ஜாக்கில் சோடா கிடையாது என்பதால் அந்தத் தொல்லையும் கிடையாது.

பொங்கோல் கார்த்தி

வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின்? விலை பாதிதானே. அம்மா 'அதெல்லாம் டால்டா' என்று திட்டுகிறார்.

ஜூரோங் அண்ணாச்சி

அம்மா பயப்படுகிற பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயைச் சிங்கப்பூரில் 2021 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள். அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ரொட்டியில் தடவுகிற டப்பா மார்ஜரின் போடாதீர்கள். அதில் தண்ணீர் அதிகம், பார் இறுகாது. கட்டியாக விற்கும் மார்ஜரின் ஆகும். சுவை? வெண்ணெயில் செய்ததைச் சாப்பிட்ட பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

செங்காங் வாணி

நேற்று இரவு சுதா அளவில், அண்ணா சொன்ன மாதிரி கால் பங்கு ஓட்ஸைச் சுற்றி, டம்ளரால் அழுத்தி வைத்தேன். காலையில் வெட்டினால் ஓரமெல்லாம் கத்தி போட்ட மாதிரி நேராக வந்தது. மேலே தட்டினால்கூட உதிரவில்லை! இப்போது அடுத்த கேள்வி. ஞாயிறு ஒரு முறை செய்து வாரம் முழுக்க வைக்க முடியுமா? வெளியே வைத்தால் மூன்றாம் நாள் மேல்பக்கம் பிசுபிசுவென்று வேர்க்கிறது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக் கொடுத்தால் டப்பாவுக்குள் தண்ணீர்.

ஈசூன் நஸீரா

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாரை வெறுமனே டப்பாவில் போட்டால் நம் காற்றின் ஈரமெல்லாம் அதன் மேல்தான் வந்து படியும், குளிர்ந்த பானப் புட்டி வேர்ப்பது போல. முதலிலேயே ஒவ்வொன்றையும் பேக்கிங் தாளில் மிட்டாய் சுற்றுகிற மாதிரி சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கி, ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு மாதம் வரைக்கும் நன்றாக இருக்கும். காலையில் ஆறரைக்கு எடுத்துச் சுற்றியபடியே டப்பாவில் போட்டால், ஈரம் தாளின் மேலே நிற்கும், பத்து மணிக்குள் பதமாகிவிடும். தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டே சாப்பிடலாம், கை கழுவப் போக வேண்டியதில்லை. முறுக்கு எளிதாகப் பிரிய வேண்டும், டேப் ஒட்டிவிடாதீர்கள். தொடக்கநிலை ஒன்று பிள்ளை ஆசிரியரிடம் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

வெளியே வைப்பதாக இருந்தால் காற்றுப் புகாத டின், நான்கு நாள். தேன் போட்டது, வெல்லம் போட்டது இன்னும் முன்னதாக வேர்க்கும், இரண்டும் ஈரத்தை இழுக்கும். டின்னைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வையுங்கள். பதினெட்டாவது மாடியில் இருக்கிறோம், எறும்பு எப்படித்தான் ஏறி வருகிறதோ, மின்தூக்கியில் வருகிறது போலிருக்கிறது.

உட்லண்ட்ஸ் அனு

மாணவர் பராமரிப்பு நிலையத்தில் மாலை வரை இருக்கும் பிள்ளைகளுக்கும் இது நல்லது, நாள் முழுக்கப் பையில் இருந்தாலும் கெடாது. ஆனால் மேலே தயிர்ப் பூச்சு, கிரீம், புதுப் பழம் எதுவும் வைக்காதீர்கள். அதோடு கெடாது என்ற பேச்சு முடிந்தது.

பொங்கோல் கார்த்தி

கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் செய்யும் வகை யாராவது செய்திருக்கிறீர்களா? வீட்டில் தேத்தண்ணீருக்கு வாங்கிய டப்பா எப்போதும் இருக்கிறது.

ஈசூன் நஸீரா

செய்யலாம். 397 கிராம் டப்பா ஒன்றைச் சூடாக்கி, ஓட்ஸ் 250, தேங்காய்த் துருவல், விதை, உலர்திராட்சை கலந்து 130 டிகிரியில் ஒரு மணி நேரம். வெண்ணெயே வேண்டாம், ஒருபோதும் உதிராது. ஆனால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நம் கடைகளில் பாதி 'ஸ்வீட்டன்டு கிரீமர்', பாம் எண்ணெய் சேர்த்தது. அதிலும் வரும், பாலின் மணம் மட்டும் இருக்காது. சுதா இதற்குக் கணக்குப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன் 😀

தெம்பனிஸ் சுதா

போட்டுவிட்டேன். ஒரு டப்பாவில் சர்க்கரை இருநூறு கிராமைத் தாண்டும். பிறந்தநாளுக்குச் செய்யுங்கள்.

தேக்கா மாமா

இவ்வளவு நேரம் படித்ததில் எனக்கே செய்ய ஆசை வந்துவிட்டது. அந்த கோல்டன் சிரப் எங்கே கிடைக்கும்? முஸ்தஃபாவில் இருக்குமா?

செங்காங் வாணி

நான் பேக்கிங் சாமான் விற்கும் பூன் ஹுவாட் கடையில் வாங்கினேன் மாமா, பெரிய பேரங்காடிகளிலும் ஜாம் வரிசையில் பார்த்திருக்கிறேன். பச்சையும் தங்கமும் கலந்த டின், சிங்கம் படம் போட்டிருக்கும். லண்டனில் 1880-களிலிருந்து விற்கிறார்களாம்.

ஜூரோங் அண்ணாச்சி

மாமா, கரண்டியில் முதலில் எண்ணெய் தடவிவிட்டு அள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு விழும். இல்லாவிட்டால் பாதி சிரப் கரண்டியிலேயே நின்றுவிடும், அளவும் தப்பும்.

தேக்கா மாமா

சரி சரி. பேரன்களுக்கு விதை போட்டது ஒரு தட்டு. எனக்குக் கடலை போட்டுத் தனித் தட்டு. மிக்சி ஜாரை அனு சொன்னபடி கழுவிவிடுகிறேன்.